கழித்தல் குறி

இஸ்க்ரா லிபோவெட்ஸ் மைதானத்து வாசலில்
ஞாயிறு இரவுதோறும்
தகர எண்களை மாட்டுகிறவள் நான்.
ஆடியவை, வென்றவை, தோற்றவை, புள்ளிகள்.
பதினாறு அணிகளுக்குப் பதினாறு ஆணி வரிசை.
பெட்டியில் ஒரே ஒரு ஏழுதான் மிச்சம்.
இன்னொன்று வேண்டிய வாரங்களில்
ஒன்று ஒன்றின் தலையை வளைத்துச் சமாளிப்பேன்.
கழித்தல் குறிக்கு மட்டும் பஞ்சமே இல்லை.
கோல் வித்தியாசக் கட்டத்தில்
எங்கள் பெயருக்கு நேராக
ஆணியோடு சேர்ந்து துருவேறிவிட்டது ஒன்று.
கழற்ற வேண்டி வந்து ஆறு வருடமாகிறது.

இஸ்க்ரா என்றால் தீப்பொறி.
1923, ரயில் கொட்டகை,
பதினோரு பேர், ஒன்பது ஜோடி பூட்ஸ்.
கழகக் குறிப்பேடு அப்படித்தான் தொடங்குகிறது.
முப்பத்தொன்பதுக்குப் பிறகு ஒரு பக்கம்:
யாரோ அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார்கள்,
பெயர்களை எழுதவில்லை.
அடுத்த பக்கம் நாற்பத்தாறு.
எழுபத்து நாலில் மூன்றாம் பிரிவில் இரண்டாமிடம்.
'ஒரே புள்ளி' என்பார்கள் இன்றும்,
வாய்க்கு எட்டியது கைதவறிய மாதிரி.

செப்டம்பர் மழையில்
ஹுத்னிக் அணி வந்தது.
அவர்களுடைய ஒன்பதாம் எண் பையன்
மூன்று கோல் போட்டான்.
மூன்றுக்கு மூன்று. தொண்ணூற்று நாலாம் நிமிடம்.
கார்னர்.
எங்கள் கோல்கீப்பர் ஸீமோவித்,
முப்பத்தெட்டு வயது, ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்,
மைதானம் முழுக்க ஓடிவந்து தலையைக் கொடுத்தார்.
தலை என்பது மரியாதைக்கு. காதில்தான் பட்டது.
நாலுக்கு மூன்று.

பத்தொன்பது வருட ஆட்டத்தில் முதல் கோல்.
எப்படிக் கொண்டாடுவதென்று
அவருக்குத் தெரியவில்லை.
வந்த வழியே திரும்ப ஓடிப்போய்
தன் கம்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டார்.
திங்கள் காலை என் டிக்கெட் ஜன்னலில்
சூடாக ஒரு ரொட்டி இருந்தது.

நவம்பரில் சங்கத்தின் கடிதம்.
கண்ணாடி ஆலையின் உலை அணைந்துவிட்டதாம்,
பஸ்ஸுக்கு டீசல் போட ஹுத்னிக்கிடம் காசில்லையாம்.
அணி விலகியது. அதன் ஆட்டங்கள் செல்லா.
பக்கத்தில் விதி எண் போட்டிருந்தார்கள்.
விதி என்றுதான் நாங்களும் சொல்லிக்கொண்டோம்.

அவர்களிடம் தோற்றவர்களுக்கு நஷ்டமில்லை.
வென்ற எங்களிடமிருந்து
மூன்று புள்ளியை எடுத்துக்கொண்டார்கள்.
பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்கு இறங்கினோம்,
ஒரு பந்தைக்கூட உதைக்காமல்.
ஏணியில் ஏறி ஹுத்னிக் பலகையைக் கழற்றினேன்.
அடியில் வெயில் படாத இடம்
புதுப் பச்சையாக இருந்தது.
வெற்று ஆணிகளைப் பார்த்தபோது
அந்தப் பெயரில்லாத பக்கம் ஞாபகம் வந்தது.
பிடுங்காமல் விட்டேன்.

ஸீமோவித் ஒன்றும் கேட்கவில்லை.
ரொட்டி மட்டும் கொஞ்சநாள் வரவில்லை.

மார்ச்சில் பனி உருகியதும்
தோளில் பையோடு ஒருவன் வாசலில் நின்றான்.
ஹுத்னிக்கின் ஒன்பது. த்சீப்ரியான்.
எங்களுக்கு ஆட வந்திருக்கிறான்.
வெற்று ஆணிகளை அவன் எண்ணிக்கொண்டிருக்கையில்
ரொட்டி வண்டி வந்து நின்றது.

"உன் மூன்றாவது கோல் ஆஃப்சைடு" என்றார் ஸீமோவித்,
இறங்குவதற்கு முன்பே.
"கோடு பார்த்தீர்களா? உங்கள் ஆள் காலை நீட்டிக்கொண்டு நின்றான்."
"நின்றானா, வழுக்கி விழுந்தானா?"
"உங்களுடையது மட்டும்? கையில் பட்டது."
"காது! காதுடா அது!"
குனிந்து காட்டினார்.
நடக்காத ஆட்டத்தின் நடக்காத கோல்களுக்காக
அரை மணி நேரம்
சேற்றில் குச்சியால் கோடு கிழித்தார்கள்.
ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு ஒன்றுக்கு ஒன்று டிரா.
அப்போதும் பதினைந்தாவதுதான்.
எங்களுக்குப் பதினேழு புள்ளி,
மேலே இருக்கிற அணிக்கும் பதினேழு.
நல்ல ஏழை அவர்களுக்கு மாட்டினேன்.
எங்களுக்கு
வளைந்த ஒன்றே போதும்.